எஸ்எஸ் 304 கடைசலில் வேகமும் ஃபீடும்: அட்டவணையை எந்த அளவுக்கு நம்பலாம்?

குறிச்சி கடைசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பட்டறையில் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும்) லேத்தும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் 3 எச்பி ஆல்-கியர் (பல்சக்கரங்களால் வேகம் மாற்றும்) லேத் ஒன்றும் உள்ளன. இதுவரை பெரும்பாலும் ஈஎன் 8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) ஷாஃப்ட்டுகளையே கடைந்து வந்தோம். இப்போது பம்ப்புக்கான ஸ்லீவ்கள் எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வந்திருக்கின்றன. ராடின் விட்டம் 38 மிமீ. ஈஎன் 8-க்குப் போடும் அதே சிஎன்எம்ஜி 120408 இன்சர்ட்டைக் (0.8 மிமீ மூக்கு ஆரமுள்ள, கழற்றி மாற்றும் வெட்டு முனை) கொண்டு, அதே நிமிடத்துக்கு 180 மீட்டர் வெட்டு வேகத்தில், அதாவது ஏறத்தாழ 1500 ஆர்பிஎம்மில், சுற்றுக்கு 0.2 மிமீ ஃபீடில் (ஒரு சுற்றில் டூல் நகரும் தூரம்) ஓட்டினோம். சில ஸ்லீவ்கள் முடிவதற்குள்ளேயே விளிம்பு போய்விட்டது. தேய்மானம் இன்சர்ட்டின் மூக்கில் (உருண்ட முனையில்) இல்லை; வெட்டு ஆழம் முடிகிற கோட்டில், ராடின் மேற்பரப்பு விளிம்பைத் தொடும் அந்த ஒரே இடத்தில் குழி விழுந்திருக்கிறது.

மெட்டீரியல் கடினமானது, மெதுவாகப் போவோம் என்று எங்கள் ஆபரேட்டர் ஃபீடை 0.05 ஆகக் குறைத்தார். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. சீவல் உடையாமல் நாடாவாக நீண்டு ஜாப்பைப் பிடிக்கும் சக்கைச் சுற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு ஜாப்புக்கும் நிறுத்திக் கொக்கியால் இழுத்தெடுக்க வேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணை 304-க்கு 60 மீட்டர் என்கிறது. இன்சர்ட் பெட்டியின் மேல் 180 என்று அச்சிட்டிருக்கிறது. மூன்று மடங்கு வித்தியாசத்தில் இரண்டு எண்கள் இருந்தால் எதை நம்புவது? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

டர்னர்67 எழுதியது:

தம்பி, இரண்டு எண்களுமே பொய்யில்லை. சுவரில் இருப்பது பெரும்பாலும் பூச்சு இல்லாத கார்பைடுக்கோ (இன்சர்ட்டுகள் செய்யப்படும் கடினக் கலவை) பிரேஸ் செய்த (பிடியில் பற்றவைத்த) டிப்புக்கோ எழுதப்பட்டதாக இருக்கும். பெட்டியில் இருப்பது பூச்சுள்ள இன்சர்ட்டுக்கு, அதுவும் பெட்டியில் எந்த மெட்டீரியலுக்கு நேராக அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதற்கு மட்டும். பெட்டியின் நிறக் கட்டங்களை ஒருமுறை பாருங்கள். நீலக் கட்டம் சாதாரண ஸ்டீலுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு, பச்சை அலுமினியம் முதலான இரும்பல்லாத உலோகங்களுக்கு. ஈஎன் 8-க்கு வாங்கிய இன்சர்ட் என்றால் அந்த 180 நீலக் கட்டத்தின் எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 304-க்கு மஞ்சள் கட்டத்து கிரேடு வேண்டும். விளிம்பு கூர்மையாகவும் பிவிடி (ஆவியிலிருந்து படியவைத்த மெல்லிய) பூச்சுடனும் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் உங்கள் பட்டறையில் நடந்ததில் நான் முக்கியமாகக் கருதுவது கிரேடை அல்ல, ஃபீடைக் குறைத்ததை. தொல்லை வந்தவுடன் கை முதலில் ஃபீடு குமிழுக்குப் போவது நம் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். மைல்டு ஸ்டீலில் அது பெரிய சேதம் செய்யாமல் தப்பித்துக்கொள்கிறது, 304-இல் தப்பாது. இந்த உலோகம் வெட்டப்படும்போதே இறுகும் இயல்புடையது. ஒருமுறை டூல் கடந்து சென்ற மேற்பரப்பில் மெல்லிய, கடினமான ஓர் அடுக்கு உருவாகிவிடும். அடுத்த சுற்றில் டூல் அந்த அடுக்குக்குக் கீழே புகுந்து வெட்டினால் கவலையில்லை. 0.05 ஃபீடில் அது அடுக்குக்குள்ளேயே உழல்கிறது. அதோடு, சிஎன்எம்ஜி வகை இன்சர்ட்டின் விளிம்பு கத்தியைப் போல் கூராக இருப்பதில்லை. உடையாமல் இருக்க அதை லேசாக மழுக்கியிருப்பார்கள். அந்த வளைவே 0.03 முதல் 0.05 மிமீ வரை இருக்கும். சீவலின் கனமும் விளிம்பின் வளைவும் ஒன்றாகிவிட்டால் அங்கே நடப்பது வெட்டு அல்ல, உரசல். உரசல் வெப்பத்தையும் இறுக்கத்தையும் கூட்டும், அது மேலும் உரசலைக் கூட்டும். சீவல் உடையாததற்கும் இதுவே காரணம், ஏனென்றால் சிப் பிரேக்கர் பள்ளம் ஒரு குறைந்தபட்சக் கனத்துக்கு மேல்தான் சீவலை மடக்கி ஒடிக்கும். அந்த எல்லையும் பெட்டியிலேயே போட்டிருக்கும்.

குறைக்க வேண்டியது வேகத்தை. சாதாரண ஸ்டீலின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு கெல்வினுக்கு ஏறத்தாழ 50 வாட். 304-க்கு 16 தான். ஈஎன் 8-இல் சீவலும் ஜாப்பும் எடுத்துச் செல்கிற வெப்பத்தில் பெரும் பங்கு இங்கே விளிம்பிலேயே தங்குகிறது. (டைட்டானியம் கலவைக்கு அந்த எண் 7 அளவில் இருக்கிறது, கார்பைடு கொண்டும் அதை 50 மீட்டர் வாக்கில்தான் ஓட்டுகிறார்கள் என்பதற்கு முதன்மைக் காரணம் அது.) எனவே 120 மீட்டரில், அதாவது 38 மிமீ விட்டத்துக்கு 1000 ஆர்பிஎம் அளவில் தொடங்குங்கள். ஃபீடு 0.2-இலேயே இருக்கட்டும், வெட்டு ஆழம் 1.5 மிமீக்குக் குறையாமல் இருக்கட்டும், கூலன்ட் இடைவெளியின்றி விளிம்பின் மேல் விழட்டும். வெட்டின் நடுவே ஃபீடை நிறுத்தி டூலை ஜாப்பின் மேல் நிற்க விடாதீர்கள். அரை நிமிடம் நின்றால் போதும், அந்த இடத்தில் ஒரு கடின வளையம் விழுந்துவிடும். கோட்டில் விழும் குழிக்குத் தனி மருந்து உண்டு: எல்லா வெட்டையும் ஒரே ஆழத்தில் எடுக்காமல் முதலில் 2, அடுத்து 1.5 என்று மாற்றி எடுத்தால் தேய்மானம் விளிம்பில் பரவும். ஹோல்டரை மாற்ற முடியுமானால் 95 டிகிரியை விட 45 டிகிரி நுழைவுக் கோணம் (வெட்டு விளிம்பு ஃபீடு திசையோடு செய்யும் கோணம்) இதற்கு இன்னும் நல்லது.

ஐடிஐ பயிற்றுநர் எழுதியது:

டர்னர்67 ஐயா சொன்னதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. வேக அட்டவணைகளின் மூலம் எஃப். டபிள்யூ. டெய்லர் 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த நீண்ட ஆய்வுரை. 26 ஆண்டுகளில் 8 லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது 360 டன்னுக்கும் கூடுதலான இரும்பையும் ஸ்டீலையும் சீவலாக்கிப் பார்த்து அவர் கண்டது சுருக்கமானது: வெட்டு வேகத்தை, ஒரு சிறிய அடுக்குக்கு (power) உயர்த்திய டூல் ஆயுளால் பெருக்கினால் மாறிலி கிடைக்கும். அந்த அடுக்கு எச்எஸ்எஸ்ஸுக்கு (ஹைஸ்பீடு ஸ்டீல்) 0.125 அளவிலும் கார்பைடுக்கு 0.25 அளவிலும் வரும்.

இதை மாணவர்களுக்கு எண்ணில் போட்டுக் காட்டினால்தான் உறைக்கிறது. வேகத்தை 20 விழுக்காடு கூட்டினால் கார்பைடின் ஆயுள் பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கும். எச்எஸ்எஸ் பிட்டின் ஆயுள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஃபீடைக் கூட்டினாலும் ஆயுள் குறையும், ஆனால் இந்த அளவுக்கு அல்ல. வெட்டு ஆழத்தின் பாதிப்பு அதைவிடவும் குறைவு. ஆகவேதான் முரட்டு வெட்டுக்கு முதலில் ஆழம், பிறகு ஃபீடு, கடைசியில் வேகம் என்ற வரிசையில் தீர்மானிக்கச் சொல்லித் தருகிறோம். பட்டறைகளில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது.

ஆகவே அட்டவணையில் உள்ள எண்ணைப் பார்க்கும்போது, எத்தனை நிமிட ஆயுளுக்கு இந்த எண் என்று கேட்க வேண்டும். இன்சர்ட் கேட்டலாக்குகளில் பல 15 நிமிட வெட்டு நேரத்தை அடிப்படையாகக் கொண்டு வேகத்தைத் தருகின்றன. இன்சர்ட்டை மாற்ற ஒரு நிமிடம் ஆகும் சிஎன்சிக்கு அது சரியான கணக்கு. எச்எஸ்எஸ் பிட்டைக் கழற்றி, கிரைண்டரில் பிடித்து, மறுபடி சென்டர் உயரம் பார்த்துக் கட்டுகிறவருக்கு 15 நிமிட ஆயுள் கட்டுப்படியாகாது.

பழைய லேத் எழுதியது:

எல்லாம் சரிதான். ஆனால் கேட்டவரிடம் ஆல்-கியர் லேத்தும் ஒன்று இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஃபீடைக் குறைக்காதே என்பது மோட்டார் பெரிதாக உள்ளவர்கள் சொல்லும் அறிவுரை. 304-க்கு வெட்டு விசையைச் சதுர மில்லிமீட்டருக்கு 2200 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 2 மிமீ ஆழம், 0.25 ஃபீடு என்றால் டூலின் மேல் 1100 நியூட்டன், நம் வழக்கில் 110 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அதை நிமிடத்துக்கு 120 மீட்டரில் ஓட்டினால் 2.2 கிலோவாட் தேவை. 3 எச்பி மோட்டார் தருவதே 2.2 தான், பெல்ட்டிலும் கியரிலும் போனது போக ஸ்பிண்டிலுக்கு வருவது 1.7 இருந்தால் அதிகம். பெல்ட் வழுக்கி ஜாப் பாதியில் நிற்கும், நிற்கும்போது இன்சர்ட்டின் மூக்கு உடைந்து ஜாப்பிலேயே மாட்டிக்கொள்ளும்.

என் பரிந்துரை, பழைய லேத்தில் 304-ஐ எச்எஸ்எஸ்ஸால் கடைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே. 18 மீட்டர், அதாவது இந்த ராடுக்கு 150 ஆர்பிஎம். நல்ல ரேக் கோணம் (சீவல் ஏறும் முகத்தின் சாய்வு), கைக்கல்லால் தீட்டிய விளிம்பு, போதுமான கட்டிங் ஆயில். சீவல் வெள்ளியாக வர வேண்டும், மிஞ்சினால் இளமஞ்சள். நீலமாகிவிட்டால் எச்எஸ்எஸ்ஸின் ஆயுள் முடிந்தது என்று பொருள். கார்பைடில் சீவல் நீலமாக வருவது கெடுதலில்லை என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டர்னர்67 எழுதியது:

அண்ணா, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதே கணக்கிலிருந்து எனக்கு வேறு முடிவு வருகிறது. மோட்டார் போதவில்லை என்றால் வேகத்தை 60 மீட்டராக்குங்கள், தேவை 1.1 கிலோவாட்டாகப் பாதியாகிவிடும். ஃபீடைப் பாதியாக்கினால் தேவை பாதியாகாது. ஒரு சதுர மில்லிமீட்டர் சீவலை வெட்டத் தேவையான விசை நிலையான எண்ணல்ல. சீவல் மெலிய மெலிய அது ஏறும். ஃபீடைப் பாதியாக்கும்போது அது ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்கிறது. மெல்லிய சீவலுக்கு மின்சாரமும் கூடுதல், உரசலும் கூடுதல்.

60 மீட்டரில் கார்பைடு விளிம்பின் மேல் உலோகம் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிய கட்டி பெயரும்போது விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு போகும், மேற்பரப்பும் சொரசொரப்பாகும். அந்த இடைப்பட்ட வேகத்தில் கார்பைடை நிறுத்துவதைவிட எச்எஸ்எஸ்ஸுக்குப் போவதே மேல் என்று நீங்கள் சொல்வதை அந்த வகையில் ஏற்கிறேன்.

பழைய லேத் எழுதியது:

மின்சாரக் கணக்கை ஏற்கிறேன், விசைக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. வேகம் எதுவானாலும் அந்த 110 கிலோ 110 கிலோதான். 12 மிமீ ஷாஃப்ட்டை 150 மிமீ வெளியே நீட்டிப் பிடித்திருக்கும்போது அந்த அழுத்தத்தில் ஜாப் விலகும். விலகல் நீட்டத்தின் மும்மடியில் ஏறும் என்பதால் நீட்டத்தை இரட்டித்தால் விலகல் எட்டு மடங்கு. அங்கே ஃபீடையும் ஆழத்தையும் குறைத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. கேட்டவருடைய ஸ்லீவ் குட்டையானது என்பதால் உங்கள் அறிவுரை அவருக்குப் பொருந்துகிறது. எல்லா ஜாப்புக்கும் அதையே விதியாக எழுதாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

டர்னர்67 எழுதியது:

மெல்லிய ஜாப்புக்கு நான் முதலில் ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கைத் தேடுவேன், அடுத்து 0.8 மூக்கை 0.4 ஆக மாற்றுவேன், அதன் பிறகே ஃபீடுக்கு வருவேன். மூக்கு சிறிதானால் ஜாப்பைப் பக்கவாட்டில் தள்ளும் விசை குறையும். அந்த வரிசையில் போனால் நமக்குள் வேறுபாடு அதிகம் இல்லை.

விஎம்சி மேசை எழுதியது:

மில்லிங்கில் இதே நோய் வேறு வேடத்தில் வருகிறது. அலுமினியம் 6061-இல் 10 மிமீ, மூன்று பல் கார்பைடு எண்ட்மில்லை (சுழன்று பக்கவாட்டில் வெட்டும் கருவி) 8000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிறோம். வெட்டு வேகம் 250 மீட்டர். அலுமினியம் இதற்கு மேலும் தாங்கும், எங்கள் ஸ்பிண்டில்தான் அதற்கு மேல் போகாது. பல்லுக்கு 0.08 மிமீ என்றால் ஃபீடு நிமிடத்துக்கு 1920 மிமீ வர வேண்டும். அந்த எண்ணைத் திரையில் பார்த்தவுடன் புதிய ஆபரேட்டர்கள் ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழைத் திருகி 300-க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 300 மிமீயை 8000 ஆலும் மூன்று ஆலும் வகுத்தால் பல்லுக்கு 0.0125 மிமீ வரும். அலுமினியம் பல்லிடுக்கில் ஒட்டி, உருகிய மெழுகைப் போல் அப்பிக்கொண்டு, அடுத்த நொடி எண்ட்மில் உடைகிறது. வேகமாகப் போனதால் உடைந்தது என்று அவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. எண்ட்மில்லின் பக்கவாட்டில் விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மிமீ மட்டும் வெட்டும்போது, பல்லுக்கு 0.1 கொடுத்தாலும் உண்மையான சீவல் கனம் அதிகபட்சம் 0.06 தான். பல் ஜாப்பின் ஓரத்தை மட்டும் தொட்டுச் செல்வதால் இப்படி ஆகிறது. ஆகவே பக்கவாட்டு வெட்டு குறுகும்போது ஃபீடைக் கூட்ட வேண்டும். கேட்கத் தலைகீழாக இருந்தாலும் வடிவியல் அப்படித்தான் சொல்கிறது.

அலுமினியம் என்று பொதுவாக எழுதுவதும் ஆபத்து. டைகாஸ்டிங்குக்கு வரும் ஏடிசி 12-இல் சிலிக்கான் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அது விளிம்பை அரைத்துத் தின்னும். 6061-க்குப் போட்ட வேகத்தை அதற்குப் போட முடியாது.

பம்ப் வார்ப்பு எழுதியது:

வார்ப்பிரும்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், கோவையில் பம்ப் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் அன்றாடப் பாடு. எஃப்ஜி 200 (சாம்பல் வார்ப்பிரும்பு) கேசிங்கைக் கார்பைடால் 120 முதல் 150 மீட்டர் வரை கடையலாம், ஆனால் முதல் வெட்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேல்தோலில் மணல் ஒட்டியிருக்கும், மெல்லிய ஓரங்கள் சீக்கிரம் ஆறியதால் கண்ணாடி போல் இறுகியிருக்கும். முதல் வெட்டில் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஆழத்தை 2.5 அல்லது 3 மிமீ வைத்து, விளிம்பின் மூக்கு தோலுக்குக் கீழே நல்ல உலோகத்தில் ஓடும்படி செய்ய வேண்டும். அரை மிமீ அரை மிமீயாகத் தோலைச் சுரண்டினால் இன்சர்ட்டுக்கு வெறும் மணலை வெட்டும் வேலைதான்.

வார்ப்பிரும்பை நாங்கள் கூலன்ட் இல்லாமலே கடைகிறோம். சீவல் பொடியாக விழும். கிராஃபைட்டே ஓரளவு வழுக்கலைத் தருகிறது. கூலன்ட் விட்டால் பொடி சேறாகி ஸ்லைடுவேயில் இறங்கிப் படுக்கையை அரிக்கும். தூசுக்கு மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கன்மெட்டல் (செம்பு-வெள்ளீயக் கலவை) இம்பெல்லருக்கு வேகத்தில் சிரமமில்லை. துளையிடும்போது மட்டும் ட்ரில்லின் வெட்டு ஓரத்தைக் கல்லில் லேசாகத் தேய்த்து ரேக்கைச் சுழியாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ட்ரில் தானாகவே உள்ளே திருகிப் பாயும்.

குறிச்சி கடைசல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மஞ்சள் கட்டத்து இன்சர்ட் வாங்கி 120 மீட்டர், 0.2 ஃபீடு, 2 மற்றும் 1.5 மிமீ ஆழத்தில் ஓட்டினோம். சீவல் ‘6’ வடிவில் ஒடிந்து விழுகிறது; கொக்கிக்கு வேலையில்லை. குழியும் குறைந்திருக்கிறது. இப்போது ஃபினிஷிங்கில் ஒரு கேள்வி. டிராயிங்கில் ஆர்ஏ (சராசரி மேற்பரப்புச் சொரசொரப்பு) 0.8 மைக்ரான் கேட்கிறார்கள். அதற்காகவாவது ஃபீடைக் குறைக்க வேண்டும் அல்லவா? எவ்வளவு குறைக்கலாம்?

ஐடிஐ பயிற்றுநர் எழுதியது:

குறைக்கலாம், கணக்குப் போட்டுக் குறைக்கலாம். ஃபீடின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் மேற்பரப்பில் விழும் மேடு பள்ளத்தின் உயரம் வரும். 0.2 ஃபீடு, 0.8 மூக்கு என்றால் 6.25 மைக்ரான், ஆர்ஏ இதில் ஏறத்தாழ கால் பங்கு, ஆகவே 1.5-ஐ ஒட்டி வரும், தேறாது. 0.12 ஃபீடில் உயரம் 2.25 மைக்ரான், ஆர்ஏ 0.56. இது கணக்கு மட்டுமே; அதிர்வும் விளிம்புத் தேய்மானமும் சேர்ந்தால் மீட்டரில் 0.7, 0.8 காட்டும். 0.1-க்குக் கீழே போகத் தேவையில்லை. போனால் டர்னர்67 ஐயா சொன்ன உரசல் தொடங்கி, ஃபினிஷ் கூடுவதற்குப் பதில் கெடும். ஃபினிஷுக்கு விடும் உலோகத்தை ஒரு பக்கத்துக்கு 0.5 மிமீயாவது விடுங்கள், 0.1 விட்டு வழிக்க நினைக்காதீர்கள். வைப்பர் மூக்கு (மேடுகளைத் துடைக்கும் தட்டையான முனை) உள்ள இன்சர்ட் கிடைத்தால் ஏறத்தாழ இரு மடங்கு ஃபீடில் இதே ஃபினிஷ் வரும்.

குறிச்சி கடைசல் எழுதியது:

கடைசியாக ஒன்று. ஸ்லீவின் முகத்தைக் கடையும்போதும் ராடிலிருந்து வெட்டிப் பிரிக்கும்போதும் விட்டம் குறைந்துகொண்டே போகிறது. 1000 ஆர்பிஎம்மை அப்படியே விட்டால் மையத்தை நெருங்கும்போது வெட்டு வேகம் இல்லாமலே போகிறதே?

விஎம்சி மேசை எழுதியது:

சிஎன்சியில் ஜி96 (வெட்டு வேகத்தை நிலையாக வைக்கும் கட்டளை) போட்டு 120 என்று கொடுங்கள். விட்டம் குறையக் குறைய இயந்திரமே ஆர்பிஎம்மை உயர்த்தி வெட்டு வேகத்தைக் காக்கும். ஆனால் அதற்கு முந்தைய வரியில் ஜி50-யுடன் உச்ச ஆர்பிஎம்மைக் கட்டாயம் கட்டிவிடுங்கள் (சில கண்ட்ரோலர்களில் ஜி92). 10 மிமீ விட்டத்துக்கு வரும்போதே 120 மீட்டருக்கு 3800 ஆர்பிஎம் தேவைப்படும். மையத்தில் அந்தக் கணக்கு முடிவில்லாமல் ஏறும். சுழற்சி கூடும்போது சக்கின் தாடைகள் வெளிநோக்கி இழுக்கப்பட்டு பிடி தளரும், அதனால் உச்ச எல்லையை ஸ்பிண்டிலை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் சக்கின் முகத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் பார்த்து, இரண்டில் சிறியதற்கும் கீழே வையுங்கள். பிரிக்கும் வெட்டில் கடைசி 5 மிமீ விட்டத்துக்கு ஜி97-க்கு மாறி நிலையான ஆர்பிஎம்மில் முடிப்பது நல்லது. ஃபீடை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தே ஆக வேண்டிய இடம் இது, மையத்தில் இன்சர்ட் வெட்டுவதில்லை, அழுத்த மட்டுமே செய்கிறது.

டர்னர்67 எழுதியது:

அதையும் ஸ்லீவுக்குச் செய்ய வேண்டியதில்லை. முதலில் துளையைப் போட்டுவிட்டுப் பிரித்தால் மையம் வரை போகவே வேண்டாம். துளையின் விட்டத்தோடு வெட்டு முடிந்துவிடும். பிரியும் ஸ்லீவ் சீவலுக்குள் விழாமல் பார்ட் கேட்ச்சரை மட்டும் மறக்காமல் நீட்டி வையுங்கள்.